முழங்கைக்குப் பின்னாடி ரெண்டு ரிவெட்

அங்க உக்காராதீங்க சார், அது ஆள் இருக்கிற சீட்டு.

இல்ல, ஆள் வரல. வரமாட்டாரு. ஆனா டிக்கெட் இருக்கு, இந்தா பாருங்க. வேதமுத்து, ஆண், எண்பத்தி நாலு. என் மாமனார். ஜன்னலோரம்தான் வேணும்னு ஒரு மாசம் முன்னாடியே எடுத்தேன். கண்ணு தெரியாதவருக்கு ஜன்னலோரம் எதுக்குன்னு கேப்பீங்க. காத்து வரும்ல சார். இப்ப அவரு காத்தை இந்தப் பெட்டி வாங்கிட்டு இருக்கு. நீங்க எனக்கு இந்தப் பக்கம் வாங்க, இடம் கிடக்கு. சென்னைக்கா? நானும் சென்னைதான். அப்ப சாயங்காலம் வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. உங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லிடுங்க. நான் ரொம்பப் பேசற ஆளில்ல.

கேக் இல்ல சார். ஸ்டேஷன்ல ஒரு அம்மாவும் அப்படித்தான், "பேரனுக்குப் பொறந்தநாளா?"ன்னாங்க. பெட்டி கேக் பெட்டிதான், ரெண்டு கிலோ பெட்டி. உள்ள இருக்கறது போர் விமானம்.

நகராதீங்க, ஒரு சாண்தான். நிஜ விமானத்தோட நீளத்தை நாப்பத்தெட்டால வகுத்தா வர்றது. இப்ப திறந்து காட்ட முடியாது, தூசி. மாடல் பண்றது சார் நமக்குப் பொழுதுபோக்கு. பிளாஸ்டிக்குல துண்டு துண்டா வரும். ஒட்டி, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சு, ஸ்க்ரூ முதக்கொண்டு நிஜத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டு வரணும். எல்லாரும் ஒட்டுவாங்க. நாங்க ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் ஒட்டுவோம். இது நேட். கொசு மாதிரி ஏதோ பூச்சியோட பேரு. பேருக்கு ஏத்த மாதிரி பொடி விமானம். அறுபத்தஞ்சு சண்டையில நம்ம பக்கம் பறந்தது. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள சென்னையில போட்டி ஹால்ல ஒப்படைக்கணும். தென்னிந்தியா பூரா வருவாங்க. ரெண்டு வருஷமா எனக்கு மூணாவது பரிசு. மூணாவது பரிசுன்னா என்ன தெரியுமா? கைகுலுக்கும்போது வேற யாரையோ பாத்துக்கிட்டே குலுக்குவாங்க.

வேலை? சர்வேயர் சார், நில அளவை. முப்பது வருஷமாச்சு. ஒருத்தன் வருவான், "சாரே, எங்க பாட்டன் காலத்துலருந்து எல்லை அந்த வேப்பமரம் வரைக்கும்"பான். அழுவான். கற்பூரம் அடிப்பான். நான் ஒரே கேள்விதான் கேப்பேன். "படம் இருக்கா?" படம் இல்லாதவனுக்கு மரம் இல்ல. ஈவு இரக்கம் இல்லாதவன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். வாய்ச்சொல்ல நம்பி அளந்தா ஊரே கோணலாயிடும்.

மாமனார் கதைக்கு வர்றேன்.

மாமியார் போனதுலருந்து ஒம்பது வருஷமா எங்ககூடத்தான் இருக்காரு, பாளையங்கோட்டையில. கண்ணுல பிரஷர். வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், ஆள் தெரியாது. ஆனா ஒரு இடத்துல தடுக்கமாட்டாரு. கட்டில்லருந்து பாத்ரூமுக்குப் பதினோரு அடி. வாசலுக்குப் பத்தொம்பது. எல்லாம் மனசுல. ஏர் ஃபோர்ஸ்ல ஃபிட்டரா இருந்தாரு. விமானத்தோட இஞ்சின் இல்ல, உடம்பு. தகடு, ஆணி, கதவு, அந்த வேலை. அது எனக்குத் தெரியும். ஆனா என்ன விமானம், எங்க, ஒண்ணும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. மாமனார்கிட்ட என்ன சார் கேப்போம்? "மாமா, காப்பி சாப்பிட்டாச்சா?" அவ்ளோதான்.

எட்டு மாசம் முன்னாடி நான் இந்த மாடல் துண்டு துண்டா வந்த பெட்டியைப் பிரிக்கறேன். அவரு பக்கத்துல உக்காந்திருக்காரு. குரலைக் கேளுங்க, அப்படியே சொல்றேன். "மாப்ள... இது என்ன பிளேனு?"

"நேட், மாமா."

டம்ளரைக் கீழ வெச்சாரு. "அதுல நான் வேலை பாத்திருக்கேன்லா."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழிச்சு சொல்றாரு! எனக்கு எப்படி இருந்திருக்கும்! மத்தவன்லாம் புத்தகம் தேடி அலையறான், எனக்கு வீட்டுக்குள்ளயே ஒரு சாட்சி, அதுவும் மூணு வேளை நம்ம வீட்டுச் சாப்பாடு!

அன்னிக்கே ஒரு நோட்டு போட்டேன். நடுவுல கோடு. இடது பக்கம் "மாமா சொன்னது". வலது பக்கம் "ஆதாரம்". தினம் சாயங்காலம் நான் ஆபீஸ்லருந்து வந்ததும் அவரு சட்டையை மாத்திக்கிட்டு, தலையைச் சீவிக்கிட்டு, தயாரா நாற்காலியில உக்காந்திருப்பாரு. நான் கேக்கறதும் அவரு சொல்றதும், வீடே கலகலன்னு இருக்கும். ஹெப்சி, என் வீட்டுக்காரி, அடுக்களையிலருந்து எட்டிப் பாப்பா. "எங்கப்பா இம்புட்டு பேசுவாவளா?"ன்னா. இத்தனை வருஷத்துல முத தடவையா எனக்கு ரெண்டாவது முட்டை வெச்சா சார்.

ஆனா பாருங்க, ஞாபகம்னா என்ன? வேப்பமரம்தானே? அவரு சொன்னதை எல்லாம் ஒவ்வொண்ணா புத்தகத்தோட ஒத்துப் பாத்தேன். சக்கரக் கதவு இப்படித் திறக்கும்னாரு, புத்தகத்துல அப்படித் திறக்குது. உள்ள பைலட் உக்காற இடத்துக்குக் காஞ்ச வாழையிலை கலருன்னாரு, புத்தகத்துல கருஞ்சாம்பல். மொத்தம் பதினாலு தப்பு. நான் எதையும் மனசுல வெச்சுக்கற ஆளில்ல, மறுநாளே அவருக்கு வாசிச்சுக் காட்டிடுவேன். "மாமா, நேத்து நீங்க சொன்னது தப்பு. முப்பத்தேழாம் பக்கம்."

"அப்படியா மாப்ள? அப்ப அதான் சரியா இருக்கும்."

அவ்ளோ தங்கமான மனுஷன். எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. போகப் போக, நான் கேக்கறதுக்கு முன்னாடியே, "புத்தகத்துல என்ன போட்டிருக்கு மாப்ள?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாரு. நல்ல முன்னேற்றம்னு நெனச்சேன்.

டீ சொல்லட்டுமா? தம்பி, ரெண்டு டீ! சர்க்கரை கம்மியா! ஹெப்சி இருந்தா இதுக்கும் ஒண்ணு சொல்லுவா. குடிங்க சார்.

ம்... ஒட்டு. இந்தக் கதையே ஒட்டுதான்.

ஒருநாள் அவரா சொன்னாரு. நான் கேக்கவே இல்ல. சண்டை நடக்குது. ஒரு விமானம் திரும்பி வருது, உடம்புல குண்டு பட்டு ஒரு ஓட்டை. கொய்யாப்பழம் நுழையும்னாரு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல அது மறுபடி கிளம்பியாகணும். கையில தகடு இல்ல. இவரு ஓடிப்போயி ஓரமா ஒடஞ்சு கிடந்த வேற விமானத்தோட தகட்டை வெட்டி எடுத்துட்டு வந்து, வளைச்சு, துளை போட்டு, இருபத்தி நாலு ரிவெட் அடிச்சு மூடிட்டாரு. ரிவெட்னா தகட்டுல அடிக்கிற ஆணி சார், குமிழ் மாதிரி நிக்கும். அது பறந்துச்சு. போயிட்டுத் திரும்பியும் வந்துச்சு. பைலட் பேரு பேப்பர்ல வந்துச்சு. ஒட்டுப் போட்டவரு பேரு எங்கயும் வரல, வராது. "பரவால்ல மாப்ள. ஆனா ஒங்க பிளேன்ல அந்த ஒட்டை மட்டும் வச்சிருங்க. இடது பக்கம், காத்து உள்ள போற வாய்க்குப் பின்னால. நான் தொட்டுப் பாத்துக்கிடுதேன்."

எட்டு மாசத்துல அவரு என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்.

வெச்சிடலாம் மாமா, ஆதாரம் கிடைக்கட்டும்னேன்.

நான் சும்மா இருக்கற ஆளா? தேடினேன். கேரளாவுல ஒருத்தர், அவங்கப்பாவும் நம்ம மாமாவும் ஒரே இடத்துல வேலை பாத்தவங்க. அவங்கப்பா எடுத்த நெகடிவ் ஒண்ணை கவர்ல போட்டு அனுப்பினாரு. அடுத்தவன் கையில கொடுத்தா கீறிடுவான்னு நானே ஸ்கேனர் வாங்கி, நானே கண்ணாடி மேல வெச்சு, நானே எடுத்தேன். படம் வந்துச்சு பாருங்க! நாலு பேரு விமானத்துல சாஞ்சு நிக்கறாங்க. மூக்கும் தெரியாது, வாலும் தெரியாது, நம்பரை மறைச்சுட்டு ஒருத்தன் நிக்கறான். ஆனா ஒட்டு! மத்த இடத்தைவிடக் கறுப்பா, தெளிவா, காத்து வாய்க்குப் பின்னாடி! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நாலு பேர்ல மூணாவது ஆளு நம்ம மாமா. முழங்கை ஊணினவரு வேதமுத்துன்னு கவர் பின்னாடி எழுதியிருந்துச்சு. இருபத்தி நாலு வயசு. ஒட்டுமேல முழங்கையை ஊணிக்கிட்டு நிக்கறாரு.

அந்த முழங்கைதான் சார் பிரச்சினை. பூதக்கண்ணாடி வெச்சு எண்ணினேன். இருபத்திரண்டு ரிவெட்தான் வருது. மீதி ரெண்டு முழங்கைக்குப் பின்னாடி இருக்கலாம். இருக்கலாம்! இருக்கலாம்ங்கறதை எப்படி சார் ஒட்டறது? அதனால இருபத்திரண்டுதான் வெச்சேன். அவரோட மாத்திரை அட்டையில பின்பக்கம் தகடு இருக்கும்ல, அதைத்தான் வெட்டினேன். அரிசி அகலம். ஊசி முனையால ஒவ்வொரு ரிவெட்டா குத்தினேன். நாலு ஞாயித்துக்கிழமை.

இன்னொண்ணு. அந்தப் படத்துல காத்து வாய் வலது கைப்பக்கம் பாத்துட்டு இருக்கு. வாய் பாக்கற பக்கம்தானே மூக்கு? மூக்கு நமக்கு வலது பக்கம் போச்சுன்னா, நாம பாக்கறது விமானத்தோட வலது விலா. ஒரு சர்வேயருக்கு இது கூடவா தெரியாது? அப்ப ஒட்டு எங்க? வலது பக்கம். மாமா என்ன சொன்னாரு? இடது பக்கம்.

பதினஞ்சாவது தப்பு.

சொன்னேன். முத தடவையா எதிர்த்தாரு. "இல்ல மாப்ள. இடதுதான். நான் போட்ட ஒட்டுல்லா?"

"மாமா, போட்டோ இருக்கு."

"நான் போட்டேன் மாப்ள."

"அறுபது வருஷமாச்சு மாமா. போட்டோவுக்கு வயசாகாது. உங்களுக்கு ஆகும்ல?"

நல்ல தன்மையாத்தான் சொன்னேன். ஹெப்சி கரண்டியோட வந்து நின்னா. "ஒரு ஒட்டுதானே? அப்பா சொல்லுத பக்கம் வச்சா ஒங்க கை அழுகிருமா?" பாருங்க, கல்வி இருக்கு, எம்.ஏ. வரலாறு. அவளே இப்படிப் பேசறா. "ஹெப்சி, இது பாசத்துல ஒட்டறது இல்ல, பசையில ஒட்டறது"ன்னேன். நல்லா சொன்னேன்ல? அவ சிரிக்கல.

மூணு நாள் அவரு சாயங்காலம் வந்து உக்காரல. நாலாம் நாள் வந்தாரு. சட்டை மாத்தல. "மாப்ள, நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். வலதுதான். நீங்க சொல்லுததுதான் சரி." எனக்கு நிம்மதியாச்சு. நோட்டுல இடதுன்னு எழுதினதை அடிச்சுட்டு வலதுன்னு எழுதி, அவரு விரலைப் பிடிச்சு அந்த இடத்துல வெச்சேன், கையெழுத்து போட்டாரு. கோணலாத்தான். ஆனா முழுப்பேரு. சாட்சி தன் வாக்குமூலத்தைத் தானே திருத்தறது எவ்ளோ பெருந்தன்மை! எங்க டிபார்ட்மெண்ட்ல நான் பாத்ததே இல்ல.

கோவில்பட்டி போயிடுச்சா? போயிடுச்சு.

அடுத்த ஞாயிறு. கோயில்ல ஆராதனை முடிஞ்சு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மாமியாருக்குப் பூ வெக்க. வாராவாரம் போறதுதான். வழக்கமா அவருதான் முன்னாடி போவாரு, நாங்க பின்னாடி. கண்ணு தெரியாதவரு பின்னாடி கண்ணு தெரிஞ்ச ரெண்டு பேரு! கேட்லருந்து நாப்பத்திரண்டு அடி, திரும்பி ஆறு. அன்னிக்கு கேட்லயே நின்னுட்டாரு. பூவைக் கையில பிடிச்சுக்கிட்டு.

"ஹெப்சி... ஒங்கம்மா இடது வரிசையா, வலது வரிசையா?"

ஹெப்சி அவரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. இடது வரிசை சார். ஒம்பது வருஷமா.

எனக்கு என்ன தோணிச்சுன்னா, பாத்தியா, நான் சந்தேகப்பட்டது சரியாப்போச்சு, மனுஷனுக்கு மறதி வர ஆரம்பிச்சுடுச்சு. நல்லவேளை ஒட்டு விஷயத்துல முன்னாடியே கண்டுபிடிச்சோம்னு. மருமகன்னா சும்மாவா? மறுநாளே லீவு போட்டு நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஞாபக டெஸ்ட். தேதி கேட்டாங்க, சொன்னாரு. நூறுலருந்து ஏழு ஏழா குறைக்கச் சொன்னாங்க, மடமடன்னு ரெண்டு வரைக்கும் இறங்கி வந்துட்டாரு. அஞ்சு வார்த்தை சொல்லி, கழிச்சு கேட்டாங்க, அஞ்சும் வரிசையா சொன்னாரு. டாக்டரம்மா சிரிச்சுட்டு, "எனக்கே இவ்ளோ வேகமா வராது தாத்தா, உங்களுக்கு ஒண்ணுமே இல்ல"ன்னாங்க.

அதுக்கு இவரு கேட்டாரு, "சரியாத்தான் சொன்னேனா டாக்டர்? எதுக்கும் புத்தகத்துல ஒருதரம் பாத்துருங்களேன்."

டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க. எதுக்கு என்னைப் பாத்தாங்கன்னு தெரியல.

அப்புறம் எல்லாத்துக்கும் கேக்க ஆரம்பிச்சாரு. "இப்ப நான் மாத்திரை போட்டேனா?" "இது என் துண்டுதானா?" பாத்ரூம் போக பதினோரு அடின்னு அவருக்கே தெரியும், எட்டாவது அடியில நின்னு சுவரைத் தடவுறாரு. ஹெப்சி என்கூட நாலு நாள் பேசல. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கறா போலன்னு விட்டுட்டேன். ரெண்டாவது முட்டை நின்னுபோச்சு.

நீங்க ஏன் சார் ஜன்னலையே பாக்கறீங்க? கேக்கறீங்கல்ல? சரி.

மாடல் முடிஞ்சுது. அருமையா வந்துச்சு. போட்டிக்கு மாடலோட ஆதாரப் படத்தையும் பெருசு பண்ணி வெக்கணும். காலண்டர் சைஸ்ல பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்தேன். போன ஞாயிறு காலைல. ஹெப்சி சப்பாத்தி மாவுக் கையோட அந்தப் பக்கம் போனவ, நின்னா.

"இது யாரு?"

"உங்கப்பா. மூணாவது ஆளு."

குனிஞ்சு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "இது எங்கப்பா இல்ல."

"உங்கப்பாதான், கவர் பின்னாடி எழுதியிருக்கு."

"எங்கப்பாவுக்கு வெட்டு இடது புருவத்துல. சின்னதுல கிணத்துல குதிச்சு கல்லுல அடிபட்டது. இதுல வலது புருவத்துல இருக்கு."

நான் சிரிச்சேன் சார். இவ இவங்கப்பாவை விட்டுக்கொடுக்க மாட்டாளேன்னு. "புருவமெல்லாம் நான் பாக்கல ஹெப்சி"ன்னேன். நிஜமாவே பாக்கல. மாசக்கணக்கா அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கறேன், ஒரு தடவை கூட ஆளைப் பாக்கல. எனக்கு ஆளுக்குப் பின்னாடி இருக்கிற தகடுதானே வேணும்? சொல்லப்போனா இவரு ஏன்டா மறைச்சுட்டு நிக்கறாருன்னு எரிச்சல்தான்.

அவ கத்தல. மாவுக்கையைத் தொடைச்சுக்கிட்டு மெல்லமா சொன்னா, "உள்ள இருக்காவ. போய்ப் பாத்துட்டு வாங்க."

போனேன். நாற்காலியில உக்காந்து முகத்துக்கு சோப்பு போட்டுட்டு இருந்தாரு, சவரம் பண்ண. கிட்டப் போயி குனிஞ்சேன். "யாரு, மாப்ளயா?"ன்னாரு. இருபத்தாறு வருஷத்துல அவரு முகத்தை அவ்ளோ கிட்டத்துல நான் பாத்ததே இல்ல சார். வெட்டு இருந்துச்சு. இடது புருவத்துல. முடி முளைக்காம ஒரு கோடு.

 

ஓடிவந்து படத்தைப் பாத்தேன். நாலு பேர்ல மூணு பேரு வலது கையில வாட்ச் கட்டியிருக்காங்க. சார், இந்த ரயில் பூரா தேடுங்க, வலது கையில வாட்ச் கட்டினவன் மூணு பேரு தேறுவானா? அங்க ஒரே இடத்துல வரிசையா நிக்கறாங்க, மாசக்கணக்கா, என் கண்ணு முன்னாடி! நெகடிவ் இருக்குல்ல, அதுல ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். எந்தப் பக்கத்தைக் கீழ வெச்சாலும் படம் வரும். அதுதான் அதுல இருக்கிற வஞ்சகம். மாத்தி வெச்சா கண்ணாடியில பாக்கற மாதிரி எல்லாம் புரண்டு வரும். இடது வலதாகும். வலது இடதாகும்.

ஸ்கேனர்ல ஒரு எச்சரிக்கை போட்டிருக்கணும் சார் அவங்க. போடல.

நான் தப்புன்னு தெரிஞ்சா ஒரு நிமிஷம் வெச்சுக்கற ஆளில்ல. அன்னிக்கே வலது பக்க ஒட்டைச் சுரண்டி எடுத்தேன். தேய்ச்சேன், மறுபடி பெயிண்ட். இடது பக்கம் புது ஒட்டு. மூணு நாள் ராத்திரி பகல். ரிவெட்டா? இருபத்திரண்டுதான். பக்கம்தானே நிரூபணம் ஆச்சு? முழங்கை இன்னும் விலகலையே.

அவருகிட்டயும் போயிச் சொன்னேன். "மாமா, ஒட்டு இடது பக்கம்தான். நீங்க முதல்ல சொன்னதுதான் சரி."

சந்தோஷப்படுவாருன்னு பாத்தா, சிரிக்கறாரு. பாவமா. "வேண்டாம் மாப்ள. டாக்டர் ஏதும் சொன்னாவளா? எனக்காவ மாத்தாதிய. வலதுதான். நான் கையெழுத்துலா போட்டேன்."

"இல்ல மாமா, நெகடிவைத் திருப்பி வெச்சுட்டாங்க."

"யாரு?"

"...ஸ்கேனர்ல."

"வலதுதான் மாப்ள."

ஹெப்சி சொல்லிப் பாத்தா. அழுதும் பாத்தா. மகள் பாசத்துல சொல்றான்னு அவளையும் நம்பல. மாடலை எடுத்துட்டுப் போயி மடியில வெச்சேன், "தொட்டுப் பாருங்க மாமா"ன்னு. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டாரு சார். "ஒடைச்சிருவேன். எடுத்துட்டுப் போங்க." நேத்து சாயங்காலம், பெட்டியெல்லாம் கட்டினப்புறம் சொல்றாரு, "நான் சென்னைக்கு வரல மாப்ள. அங்கன நாலு பெரிய மனுஷன் வந்து ஏதாவது கேப்பான். நான் தப்பா சொல்லிட்டேம்னா ஒங்களுக்குல்லா அசிங்கம்?"

அதான் சீட்டு காலி.

ஹெப்சி காலைல வாசல் வரைக்கும் வந்தா. "எங்கப்பாவ அவருக்கே இல்லாம ஆக்கிட்டியளே"ன்னா. போட்டிக்குப் போறவன்கிட்ட பேசற பேச்சா அது? பெட்டியோட ஆட்டோவுல ஏறிட்டேன். ஆட்டோக்காரரு வேற கேட்டுட்டு இருந்தாரு.

ஒரு நிமிஷம் சார். போன். அவதான்.

சொல்லு ஹெப்சி. விருதுநகர் தாண்டியாச்சு. என்ன? கேக்கல. அப்பாவா? என்னாச்சு? விழுந்துட்டாரா? விழலையா... சரி, குடு. கொடு அவருகிட்ட.

மாமா! சொல்லுங்க மாமா. ரயில்லதான். என்னது? ஏணியா? எந்த ஏணி? ஆமா, பைலட் ஏறுற ஏணி. இடது பக்கம்தான் மாமா, அது எனக்கே தெரியும், எல்லா புத்தகத்துலயும் இருக்கு. ஏன்? ம்... ம்... யாரு தட்டினது? ம்... ரெண்டு தட்டா? மாமா, அதுக்கு போட்டோ ஏதாவது...

ஹலோ. மாமா? ஹலோ.

வெச்சுட்டாரு.

உங்களுக்குக் கேட்டிருக்காது, இருங்க சொல்றேன். ஹெப்சி பரண்ல ஏறிப் பாத்திரம் எடுக்க ஏணியைச் சுவத்துல சாத்தி வெச்சிருக்கா. இவரு பத்தொம்பது அடி எண்ணிக்கிட்டு வந்தவரு, அதுல தோள்ல இடிச்சிருக்காரு. அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாராம். ஹெப்சி பயந்துட்டா, அடி பட்டுருச்சோன்னு. இவரு சொல்றாரு, "ஹெப்சி, மாப்ளைக்குப் போனைப் போடு."

அவரு குரல்லயே சொல்றேன். ஆனா இந்தக் குரல் எனக்குப் பழக்கமில்ல சார், இது வேற.

"மாப்ள, நான் கடைசி ரிவெட்டை அடிச்சிட்டு ஏணிகிட்ட நிக்கேன். தோள்ல ஏணி இடிக்கி. பைலட் வாராரு. ஏணியில ஒரு கால வச்சவரு, ஏறாம, உறை போட்ட கையை நீட்டி என் ஒட்டை ரெண்டு தட்டு தட்டினாரு. மாடு வாங்குதவன் நல்ல மாட்டைத் தட்டுவாம்லா, அப்படி.  ஏறிட்டாரு. எனக்குக் கிடைச்ச மெடலு அதான். ஏணியில நின்னு தட்டணும்னா, ஒட்டு ஏணிப் பக்கம்லா இருக்கணும்? ஏணி எந்தப் பக்கம்?"

இதைத்தான் மொதல்லயே கேட்டாரு, இடதுன்னேன். நீங்கதான் கேட்டீங்களே.

அதுக்கப்புறம்தான் அந்த போட்டோவைக் கேட்டுட்டேன். வாயில வந்துருச்சு சார், முப்பது வருஷப் பழக்கம், நான் வேணும்னு கேக்கல.   அப்புறம் சொல்றாரு.

"போட்டோ இல்ல மாப்ள. நான் இருந்தேன்."

டக்குனு வெச்சுட்டாரு. மருமகன்கிட்ட! இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு தடவை என்கிட்ட பேசினதில்ல சார். மாப்பிள்ளைங்கற மரியாதைகூட இல்லாம.

வண்டி மெதுவா போகுதே? மதுரையா?

அப்ப கொஞ்சம் வழிவிடுங்க சார், இறங்கணும். ஆமா, சென்னைக்கு இல்ல. திரும்பி. பத்து மணிக்குள்ள ஒப்படைக்கலன்னா போட்டி கிடையாதுதான். தெரியும். மூணாவது பரிசை இந்த வருஷம் வேற எவனாவது வாங்கட்டும்.

பாசமெல்லாம் இல்ல சார், நீங்க வேற. இது தொழில். மாடலுக்கு ஏணி வெக்கல நான். பிளாஸ்டிக் பெட்டியில கம்பெனிக்காரன் ஒண்ணு கொடுத்திருக்கான், ஆனா அது அவன் ஊரு ஏணி. நம்ம ஆளுங்க அங்கயே இரும்பை வளைச்சு சொந்தமா செஞ்சிருப்பாங்க. எத்தனை படி, எவ்ளோ உயரம், எந்தப் புத்தகத்துலயும் இல்ல. ஏணி இல்லாம விமானம் எப்படி முழுசாகும்?

போன்ல கேக்கலாமா? போன்ல எப்படி சார் கேக்கறது? உயரத்தைக் கையால காட்டணும்ல? அப்படியே ரிவெட்டும் ரெண்டு குறையுது. அதையும் கேட்டுட்டுத்தான் வெக்கணும். வேற யாரைப் போய்க் கேக்கச் சொல்றீங்க?

அவருதானே அங்க இருந்தாரு.